மயிற்குஞ்சும் தோகையின் வளர்ச்சியும்

தமிழ்நாட்டின் புன்செய்ப் பகுதிகளில் மயில்கள் முன்னாளினும் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பது விவசாயிகள் யாவரும் அறிந்ததே. மலையடிவாரங்களிலும் கோயிற் காடுகளிலும் பெரும்பாலும் தங்கியிருந்த இப்பறவை, இக்காலத்தில் சோளக்கொல்லை, நிலக்கடலைக் காடு, தென்னந்தோப்பு, ஏரிக்கரை, சீமைக் கருவேலம் புதர் ஆகிய பலவிடங்களிலும் கூட்டமாய்த் திரிகின்றது. அறுப்புக் காலத்தில் கொல்லையின் நடுவே மயில் முட்டைகள் அகப்படுவதும், தாயைப் பிரிந்த குஞ்சொன்று வரப்போரத்தில் கத்திக்கொண்டு நிற்பதும் அரிய காட்சிகளல்ல.

அவ்வாறு அகப்பட்ட முட்டைகளை ஆவலினாலோ இரக்கத்தினாலோ வீட்டுக்கு எடுத்துச் சென்று நாட்டுக்கோழியின் கீழ் அடைவைப்போர் உளர். சில மாதங்களில் தோகை விரித்தாடும் மயிலொன்று தம் முற்றத்தில் நிற்கும் என்பது அவர்களது எண்ணம். இவ்வெண்ணம் மூவகையில் தவறானது. முதலாவது, கோழிகளோடு வளரும் மயிற்குஞ்சு நோய்க்கு எளிதில் இரையாகின்றது. இரண்டாவது, தோகை சில மாதங்களில் வருவதன்று. அது நிறைவுற ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் செல்லும். மூன்றாவது, முட்டையை எடுத்த அன்றே அவ்விவசாயி பெருங்குற்றம் ஒன்றைச் செய்தவராகின்றார். ஆதலால் மயிற்குஞ்சு வளரும் வகையையும், அதன் இறகுகள் தோன்றி உதிரும் முறையையும், நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தில் செய்யத்தக்கது இன்னதென்பதையும் தெரிந்திருத்தல் அவசியம்.

மயிலின் இயல்பு

நம் நாட்டு மயில் நீலமயில் எனப்படும். இந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். பர்மா முதல் ஜாவா வரையிலுள்ள நாடுகளில் பச்சைமயில் என்னும் வேறோர் இனம் உண்டு. ஆப்பிரிக்காவில் காங்கோக் காடுகளில் மூன்றாவதோர் இனம் இருப்பது 1936-ஆம் ஆண்டிலேதான் விஞ்ஞானிகளுக்குத் தெரியவந்தது. கோழி, கௌதாரி, காடை, வான்கோழி ஆகியவை சேர்ந்த குடும்பத்தையே மயிலும் சார்ந்தது. ஆதலின் கோழி வளர்த்துப் பழகியவர்க்கு மயிற்குஞ்சின் வளர்ச்சி எளிதில் விளங்கும்.

முழு வளர்ச்சியுற்ற ஆண்மயில் 4 முதல் 6 கிலோகிராம் எடையுள்ளது. பெட்டைமயில் ஏறக்குறைய 3 முதல் 4 கிலோகிராம் இருக்கும். ஆண்மயிலின் நீளம் அலகு முதல் தோகை நுனி வரை 6½ அடிக்கு மேல் செல்லும். இதில் பெரும்பகுதி தோகையே. அத்தோகை மயிலின் வால் என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. வால் என்பது தோகைக்கு அடியில் மறைந்துள்ள 20 குட்டையான பழுப்பு இறகுகளேயாகும். வாலின் மேற்புறத்தை மூடியுள்ள இறகுகள் மற்றப் பறவைகளில் சிறியனவாய் அடங்கிக் கிடக்கும். ஆண்மயிலிலோ அவையே நீண்டு தோகையாகின்றன. மயில் தோகையை விரிக்கும்பொழுது அடியிலுள்ள உண்மையான வால் நிமிர்ந்து நின்று அதனைத் தாங்குகின்றது. ஆடும் மயிலைப் பின்புறமிருந்து நோக்குவோர் இதனைத் தெளிவாகக் காணலாம்.

முட்டையும் அடையும்

தென்னாட்டில் மயில்கள் சித்திரை, வைகாசி மாதங்களில் மிகுதியாக இனஞ்சேர்கின்றன. மழையின் வரவை ஒட்டி இக்காலம் இடத்துக்கு இடம் முன்பின்னாகும். வட இந்தியாவில் ஜூன் மாதமும், இலங்கையில் ஜனவரி முதல் மார்ச்சு வரையிலும் இதற்குரிய காலமாகும்.

பெட்டைமயில் மரத்தில் கூடு கட்டுவதில்லை. புதரடியிலோ, உயர்ந்து வளர்ந்த பயிரினிடையிலோ, வரப்போரத்துப் புல்லிலோ தரையைச் சிறிது பறித்து, சருகுகளைப் பரப்பி, அதில் 4 முதல் 8 முட்டைகள் வரை இடும். முட்டைகள் வெளிறிய மஞ்சள் கலந்த வெண்ணிறமுடையன; கோழி முட்டையினும் பெரியன. ஆண்மயில் அடைகாப்பதில் சிறிதும் பங்கு கொள்வதில்லை. பெட்டை தனியே 28 நாட்கள் அடைகாக்கும். நாட்டுக்கோழி முட்டைக்கு 21 நாட்கள் ஆவதை விவசாயிகள் அறிவர். மயில் முட்டைக்கு அதற்கு மேலும் ஒரு வாரம் வேண்டும்.

அடையில் அமர்ந்த பெட்டை மனிதர் மிக அருகில் வரும் வரையில் அசையாது கிடக்கும். அதன் மங்கிய நிறம் சருகோடு சருகாய் அதனை மறைத்துவிடுகின்றது. இதனாலேயே அரிவாளோ அறுவடை யந்திரமோ பக்கத்தில் வரும் வரை கூடு இருப்பது தெரிவதில்லை. கூடு காணப்பட்டால் அதனைச் சுற்றிலும் 10 அடி தூரம் பயிரை அறுக்காமல் விட்டுவிடுவதே செய்யத்தக்கது. இவ்வாறு விடப்படும் இடம் ஏறக்குறைய 314 சதுர அடி. அஃதாவது ஒரு செண்டிலும் குறைவு. அதுவும் அதிகமாய்ப் போனால் நான்கு வாரங்களுக்கேயாகும். குஞ்சுகள் பொரித்த பின் தாய் அவற்றை அழைத்துக்கொண்டு தானே வெளியேறிவிடும். சுற்றிலும் வெறுந்தரையாக்கி நடுவே கூட்டை மட்டும் விடுதல் தகாது. காகமும் நாயும் கீரியும் அதனை உடனே கண்டுகொள்ளும்.

குஞ்சின் முதல் மாதங்கள்

மயிற்குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்பொழுதே கண் திறந்து, உடம்பெங்கும் மென்தூவி மூடி, நடக்கும் வலிமையோடு இருக்கும். தூவி வெளிறிய மஞ்சட்பழுப்பு நிறமுடையது. பிடரியில் கரும்பழுப்பான குறியொன்று கண்கள் வரை செல்லும். கோழிக்குஞ்சுக்கும் இதற்குமுள்ள பெரிய வேற்றுமை சிறகில் இருக்கின்றது. மயிற்குஞ்சு பொரிக்கும்பொழுதே அதன் சிறகில் பறக்கும் இறகுகள் முளைத்துள்ளன. ஆகவே சில நாட்களிலேயே அது சிறகடித்து எழும்பக் கற்று, இரண்டு வாரங்களுக்குள் தாழ்ந்த கிளையில் தாயின் பக்கத்தில் இரவு தங்கவும் கூடும். தரையில் திரியும் பகைகளுக்குத் தப்புவதற்கு இயற்கை அளித்த ஏற்பாடு இது.

முதல் வாரங்களில் குஞ்சின் ஆகாரம் பெரும்பாலும் பூச்சிகளே. கறையான், எறும்பு, வெட்டுக்கிளி, புழு ஆகியவற்றைத் தாய் அலகால் எடுத்துக் காட்ட, குஞ்சு அதன் அலகிலிருந்தே கொத்தி உண்ணும். வளர வளரத் தானியங்களும் இளந்தளிர்களும் சேரும். இங்ஙனம் பூச்சியை நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. இறகு என்பது ஏறக்குறைய முழுவதும் புரதத்தினால் ஆயது. நகமும் கொம்பும் எந்தப் பொருளால் ஆயினவோ அப்பொருளின் வகையே இறகிலும் உள்ளது. அதில் கந்தகமும் கலந்திருக்கும். உடலும் இறகும் ஒருங்கே வளரவேண்டிய அக்காலத்தில் தானியத்திலுள்ள புரதம் போதாது. வான்கோழிக் குஞ்சுகளுக்கு முதல் நான்கு வாரங்களில் தீனியில் நூற்றுக்கு 28 பங்கு புரதம் வேண்டுமென்று கணக்கிட்டிருக்கின்றனர். மயில் வளர்ப்பது அனுமதிக்கப்பட்டுள்ள இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய தேசங்களில் வளர்ப்போர் மயிற்குஞ்சுக்கும் அத்தகைய தீனியையே அளிக்கின்றனர். உடைத்த கம்பையும் நொய்யையும் மட்டும் தின்று வளரும் குஞ்சு இறகு குறைந்து, கால் வலுவிழந்து, மெலிந்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

குஞ்சு ஒரு மாதம் ஆகும்பொழுது தலையில் கொண்டை அரும்பத் தொடங்கும். இரண்டு மாத அளவில் அது தாயின் சிற்றுருவமாகத் தோற்றமளிக்கும். ஆணும் பெண்ணும் அப்பொழுது ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சிறகை விரித்து நோக்கினால் ஆண்குஞ்சின் நெடிய பறக்கும் இறகுகள் செங்காவி நிறமாயிருப்பது தெரியும். பெட்டையினுடையவை மங்கிய பழுப்பு நிறமுள்ளவை. குஞ்சுகள் எழும்பிப் பறக்கும்பொழுது சிறகில் காவி நிறம் பளிச்சிடின் அவை ஆண் என்று அறியலாம். கூட்டத்தில் தோகையற்ற பறவைகளே மிகுதியாய்க் காணப்படுவதால் பெட்டைகளே பெருகியுள்ளன என்று விவசாயிகள் பலர் கருதுகின்றனர். அவற்றுள் இளம் ஆண்களும் கலந்திருக்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இறகு வளரும் முறை

பறவையின் தோலில் இறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குழி உண்டு. இறகு அக்குழியின் அடியில் உண்டாகி மேல்நோக்கித் தள்ளப்படுகின்றது. நெற்கதிர் பொதியிலிருந்து வெளிவருவதுபோல, இறகும் ஓர் உறைக்குள் சுருண்டு வெளிவரும். முதலில் வெளிப்படுவது நுனி. கடைசியில் உண்டாவது காம்பு. ஆகவே தோகை இறகின் நுனியிலுள்ள கண் எல்லாவற்றிற்கும் முன்னதாகவே அமைந்துவிடுகின்றது. பிறகு மாதக்கணக்காக நீள்வதெல்லாம் அதன் தண்டும் பக்கத்து இழைகளுமேயாகும்.

வளரும் இறகின் உறைக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். கோழியின் இறகைப் பறித்தவர்கள், முளைவிட்ட குருத்து இறகு கருநீலமாகத் தடித்திருப்பதையும், அது முறிந்தால் இரத்தம் கசிவதையும் கண்டிருப்பர். இறகு முழு நீளம் அடைந்ததும் இரத்தம் பின்வாங்கிவிடும். உறை பொடியாய் உதிரும். இறகு உயிரற்ற பொருளாகிவிடும். அதன் பிறகு அதில் வளர்ச்சி இல்லை. வளர்ந்து முடிந்த இறகு முறிந்தால், அடுத்த முறை இறகு உதிரும் காலம் வரையில் அம்முறிவு அப்படியே இருக்கும். வேரோடு பிடுங்கப்பட்டால் அக்குழியிலிருந்து புதிய இறகு முளைக்கத் தொடங்கும். ஆயினும் பிடுங்கும்பொழுது குழி காயமுறின் பின்னர் வளைந்த இறகு வரவும், இறகே வராமற்போகவும் கூடும்.

இறகு வளரும் நாட்களில் பறவை பட்டினி கிடந்தாலும், நோயுற்றாலும், அச்சமுற்றாலும் அந்த நாட்களுக்குரிய பகுதியில் இழைகள் மெலிந்து, குறுக்கே வெளிறிய கோடொன்று விழும். அவ்விடத்தில் இறகு எளிதில் முறியும். பஞ்சத்தில் வளர்ந்த மரத்தின் வளையம் ஒடுங்கியிருப்பதை ஒத்தது இது.

ஆண்டுதோறும் தோகையின் நிலை

ஆண்மயிலின் வயதைத் தோகையினால் ஏறக்குறைய மதிப்பிடலாம்.

முதலாண்டு: தோகை இல்லை. உருவம் பெட்டையை ஒத்திருக்கும். ஆண்டின் பிற்பகுதியில் கழுத்திலும் மார்பிலும் நீலம் சிறிது சிறிதாகப் படரத் தொடங்கும்.

இரண்டாம் ஆண்டு: கழுத்து நீலமாகிவிடும். முதுகின் பின்புறத்தில் பச்சை நிறமான இறகுகள் சற்று நீண்டு தோன்றும். அவை குட்டையானவை, முழுமையான கண்கள் அவற்றில் இரா.

மூன்றாம் ஆண்டு: கண்களையுடைய தோகை காணப்படும், நீளமும் செறிவும் குறைவு. இவ்வயதில் மயில் தோகையை விரித்து ஆட முயலும். ஆயினும் முதிர்ந்த ஆண்கள் உள்ள இடத்தில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

நான்காம் ஆண்டு: தோகை நிறைவுறும். 200-க்கு மேற்பட்ட இறகுகள் அதில் இருக்கும். மிக நீண்டவை 4½ முதல் 5 அடி வரை செல்லும். பெரும்பாலானவை கண்ணுடையவை. ஓரத்தில் நிற்பவை கண்ணின்றிப் பிறைபோல் பிளந்த நுனியுடையவை. பக்கங்களில் உள்ளவை வாள்போல் ஒருபுறம் மட்டும் இழையுடையவை.

இவ்வளர்ச்சியைப் பற்றி வியக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. ஒளிமிக்க இறகே மயிலினத்துக்கு அடிப்படையானது. பெட்டையின் உடலிலுள்ள பெண்மைச் சுரப்பு அதனைத் தடுத்து மங்கிய நிறத்தைத் தருகின்றது. முதுமையினாலோ நோயினாலோ சூற்பை வற்றிய பெட்டைக்கு அடுத்து முளைக்கும் இறகுகள் ஆணின் நிறம் பெறுவதுண்டு. இங்கிலாந்தில் ஜான் ஹண்டர் என்னும் வைத்திய நிபுணர் 1780-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பெட்டைமயில் ஒன்றைப் பற்றி எழுதியுள்ளார். அடைகாப்பவளுக்கு மறைவு வேண்டியிருப்பதால் இந்த ஏற்பாடு அமைந்ததெனக் கொள்ளலாம்.

நிறமும் ஆட்டமும்

மயிலிறகில் நீலச் சாயமோ பச்சைச் சாயமோ இல்லை. இறகை இடித்துப் பொடியாக்கினால் எஞ்சுவது பழுப்புத் தூளே. இதனை வீட்டிலேயே சோதித்தறியலாம். 1665-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி, மயிலிறகைப் பூதக்கண்ணாடியால் நோக்கி, நீரில் நனைத்தால் அதன் நிறம் மறைவதை எடுத்துக்காட்டினார். இழைகளின் பக்கத்தே கிளைக்கும் நுண்ணிழைகளுக்குள் கரும்பொருள் நிறைந்த மிகச் சிறிய கோல்கள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடைவெளி இறகின் பகுதிக்குப் பகுதி மாறுவதால், ஒளி பட்டு மீளும்பொழுது ஓரிடத்தில் நீலமும், ஓரிடத்தில் பச்சையும், ஓரிடத்தில் பொன்னிறமும் தோன்றுகின்றன. ஷாங்காய் நகரத்து ஆராய்ச்சியாளர் 2003-இல் இதனை விளக்கியுள்ளனர். நிறம் சாயத்தினால் ஆகாமையினால்தான், கோயில்களில் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் பீலிக்கும் பளபளப்பு எளிதில் மங்குவதில்லை.

ஆவியர் குலத்துப் பேகன் மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அளித்தான் என்பது தமிழர் யாவரும் கேட்ட வரலாறு. தோகை விரித்த மயில் உண்மையாகவே நடுங்குவதுபோல் அதிர்கின்றது. ஆனால் அது குளிரினாலன்று. பெட்டை அருகில் வருங்கால் ஆண்மயில் தோகையை ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 25 முறை அதிர்க்கின்றது என்று 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணித்துள்ளது. அவ்வதிர்ச்சியில் மற்ற இழைகளெல்லாம் மின்னி அசைய, கண்கள் மட்டும் நிலைத்து நிற்பதுபோல் தோன்றும். கண்ணின் பகுதியிலுள்ள இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.

இறகு உதிர்தல்

இத்துணை அரும்பாடுபட்டு வளர்த்த தோகையை மயில் ஆண்டுதோறும் தானே களைந்துவிடுகின்றது. இனச்சேர்க்கைக் காலம் முடிந்ததும் தோகை இறகுகள் ஒவ்வொன்றாகவும் கொத்தாகவும் உதிரத் தொடங்கும். வட இந்தியாவில் ஆகஸ்டு மாத இறுதியில் இது நிகழ்கின்றது. இனச்சேர்க்கைக் காலம் மாறுபடுவதற்கேற்ப இதுவும் இடத்துக்கு இடம் சற்று மாறும். உதிர்ந்த குழியிலிருந்து புதிய இறகு முளைத்து, அடுத்த பருவத்துக்குள் தோகை மீண்டும் நிறைவுறும்.

இவ்வுண்மை விவசாயிகளுக்கு மிகவும் பயனுள்ளது. காவடிக்கும் விசிறிக்கும் அலங்காரத்துக்கும் வேண்டிய பீலிக்காக மயிலைக் கொல்லவேண்டிய தேவை எள்ளளவும் இல்லை. மயில்கள் இரவு தங்கும் மரத்தடியிலும், அவை ஆடும் மேட்டிலும் உதிர்ந்த இறகுகள் கிடக்கும். முதிர்ந்த ஒரு மயில் ஒவ்வோர் ஆண்டும் 200-க்கு மேற்பட்ட பீலிகளைத் தானே உதிர்க்கின்றது. கொல்லப்பட்ட மயிலிலிருந்து கிடைப்பது ஒரு தடவை மட்டுமே.

வீட்டில் வளர்ப்பதிலுள்ள கேடு

சட்டத்தை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும், கோழிக்கூண்டில் மயிற்குஞ்சை வளர்ப்பது அதற்குக் கேடே. கோழிகளின் குடலில் வாழும் சிறு புழுவொன்றின் முட்டைகள் எச்சத்தோடு வெளிவந்து மண்ணில் நெடுங்காலம் கிடக்கும். கருந்தலை நோய் எனப்படும் நோயின் கிருமி அம்முட்டைக்குள் தங்கியிருக்கும். கோழி அந்நோயைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வான்கோழியும் மயிலும் தாங்கமாட்டா. ஈரல் புண்ணாகி, எச்சம் கந்தக மஞ்சளாகி, குஞ்சு சோர்ந்து மடியும். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கேட் நோயும் மயிலுக்கு வரக்கூடியதே. இதற்கு மறுபுறமும் உண்டு. காட்டிலிருந்து கொண்டுவந்த குஞ்சினால் கோழிக்கூண்டுக்கு நோய் பரவுதலும் கூடும்.

மேலும், மனிதரிடையே வளர்ந்த மயில் நாய்க்கும் மனிதருக்கும் அஞ்சாது. பின்னர்க் காட்டில் விடப்பட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது. முற்றத்தில் வளர்ந்த ஆண்மயில் முதிர்ந்த பின் குதிமுள்ளினால் குழந்தைகளைத் தாக்குவதும் உண்டு.

ஆகவே குஞ்சு தனித்துக் காணப்பட்டால், முதலில் அதனைத் தொடாமல் தூர நின்று நோக்கவேண்டும். பெரும்பாலும் தாய் அருகில் ஒளிந்திருக்கும். மனிதர் அகன்றதும் வந்து அழைத்துக்கொள்ளும். நாய்களை அப்புறப்படுத்துவதே அப்பொழுது செய்யத்தக்க உதவி. குஞ்சு காயமுற்றிருந்தாலோ, தாய் இறந்து கிடந்தாலோ, வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்கவேண்டும். அவர்கள் வரும் வரையில் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் உலர்ந்த வைக்கோல் பரப்பி, கோழிகளுக்கு எட்டாத இடத்தில், கதகதப்பாகவும் இருட்டாகவும் வைத்தல் போதும். மென்தூவி மட்டுமுள்ள குஞ்சு குளிரைத் தாங்காது; நனைந்தால் விரைவில் இறந்துவிடும். அலகைத் திறந்து நீரையோ பாலையோ ஊற்றுதல் கூடாது.

பயிர்ச் சேதமும் பாதுகாப்பும்

மயிலால் பயிருக்குச் சேதம் இல்லையென்று கூறுவது உண்மையாகாது. விதைத்த நிலக்கடலையைக் கிளறி உண்பதும், முளைத்த பயிரைக் கிள்ளுவதும், தக்காளி, மிளகாய் முதலியவற்றைக் கொத்துவதும், நெற்கதிரை உருவுவதும் உண்டு. குஞ்சுகளும் அவற்றோடு திரியும் தாயும் பூச்சிகளை உண்டு ஓரளவு நன்மை செய்கின்றன. மயில்கள் சிறு எலிகளையும் பாம்புகளையும் உண்ணுகின்றன. ஆயினும் விதைப்பு வாரத்தில் இருபது மயில்கள் இறங்கிய கொல்லைக்கு இந்நன்மை ஆறுதலாகாது.

மயில்கள் காலையிலும் மாலையிலும் மேய்ந்து, வெயில் நேரத்தில் நிழலில் ஒதுங்கி, இரவில் உயர்ந்த மரங்களில் தங்குகின்றன. ஆதலால் விதைத்தது முதல் பயிர் வேரூன்றும் வரையில் அவ்விரு வேளைகளிலும் காவல் இருந்தாற் போதும். நாற்றங்காலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் வலை போர்த்தல் மிக நல்லது. காற்றில் மின்னும் நாடாக்களைக் கட்டுவது பயன் தரும். ஆனால் மயில் சில நாட்களில் பழகிவிடுமாதலின் அவற்றை இடம் மாற்றி மாற்றிக் கட்டவேண்டும். வயலை ஒட்டியுள்ள முட்புதரைக் களைந்தால் மயில்கள் ஒதுங்கும் மறைவு குறையும். ஆனால் இதனை முட்டையிடும் காலத்திற்கு முன்னரே செய்துவிட வேண்டும்.

நஞ்சு கலந்த தானியத்தைத் தூவுதல் எக்காரணத்தாலும் கூடாது. மயிலோடு கௌதாரி, மைனா, வீட்டுக்கோழி, நாய் ஆகியவையும் மடியும். வேலியில் மின்சாரத்தை நேரே பாய்ச்சுவது மனித உயிருக்கே ஆபத்தானது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

மயில் 1963-ஆம் ஆண்டில் இந்தியாவின் தேசியப் பறவையாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளது. அச்சட்டத்தில் வேட்டை என்னும் சொல் கொல்லுதலை மட்டும் குறிப்பதன்று. நஞ்சு வைத்தல், கண்ணி வைத்தல், பிடித்தல், முட்டைகளையும் கூட்டையும் சேதப்படுத்துதல் அல்லது கலைத்தல் ஆகிய யாவும் வேட்டையே. 2022-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், முதல் அட்டவணையிலுள்ள உயிரைப் பற்றிய இக்குற்றத்துக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பயிருக்குச் சேதம் விளைந்தது என்பது மயிலைக் கொல்வதற்குத் தக்க காரணமாக ஏற்கப்படமாட்டாது.

இறந்து கிடக்கும் மயிலும் அரசாங்கத்தின் உடைமையே. உயிருள்ள குஞ்சோ இறந்த மயிலோ ஒருவர் வசம் வந்தால், 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற வன அலுவலருக்கோ தெரிவிக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலர் இதனை ஊராருக்கு எடுத்துரைத்தால், அறியாமையினால் குற்றத்தில் சிக்குவோர் பலர் தப்புவர். ஒரே இடத்தில் பல மயில்கள் மடிந்து கிடப்பின், அது நஞ்சாகவோ தொற்று நோயாகவோ இருக்கலாம்; வெறுங்கையால் தொடாமலும், புதைத்துவிடாமலும், வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும்.

தானே உதிர்ந்த தோகை இறகுகளை உள்நாட்டில் வைத்திருப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் சட்டம் இடமளிக்கின்றது. வெளிநாட்டுக்கு அவற்றை அனுப்புதல் தடுக்கப்பட்டுள்ளது. உதிர்ந்த இறகையும் பிடுங்கிய இறகையும் வேறுபடுத்தி அறிய, காம்பின் அடியை நோக்கவேண்டும். இரத்தம் பின்வாங்கிய பின் உதிர்ந்த இறகின் காம்பு வெளுத்து, உலர்ந்து, நுனி கூம்பித் தூய்மையாயிருக்கும். பிடுங்கிய இறகின் அடியில் இரத்தக் கறையோ தசைத் துணுக்கோ ஒட்டியிருக்கக் கூடும். மூட்டை மூட்டையாக வரும் இறகுகளின் அடிக்காம்பு யாவும் ஒரே சீராய் வெட்டப்பட்டிருப்பின் அதுவும் ஐயத்துக்கு இடமானதே.

முடிவுரை

புதுக்கோட்டை ஜில்லாவைச் சேர்ந்த விராலிமலையில் முருகன் கோயில் குன்றைச் சுற்றிலும் மயில்கள் ஊரோடு கலந்து வாழ்கின்றன. அவற்றை ஒருவரும் கூண்டில் அடைப்பதில்லை. கொல்லையின் ஓரத்தில் ஒரு செண்டு நிலத்தை நான்கு வாரங்கள் விட்டுக்கொடுக்கும் விவசாயி, எட்டுக் குஞ்சுகள் வரை தாயோடு செல்லக் காண்பார். தோகை வேண்டுமென்றால் நான்கு ஆண்டு பொறுத்து, அதன்பின் ஆண்டுதோறும் மரத்தடியில் பொறுக்கிக்கொள்ளலாம். விதைப்பு நாட்களில் காலை மாலைக் காவலும், நாற்றங்காலுக்கு வலையும், முட்டை கண்ட இடத்தில் பொறுமையும், காயமுற்ற குஞ்சைக் கண்டால் காலந்தாழ்த்தாத அறிவிப்பும் ஆகிய இந்நான்கையும் ஒவ்வொரு கிராமத்திலும் கைக்கொண்டால், பயிரும் தப்பும், மயிலும் தப்பும், விவசாயியும் வழக்கில் சிக்காமல் தப்புவார்.